உயராத கொடி

பத்தேகாலுக்கு மணி அடித்ததும் இருபத்து நான்கு தலைகள் ஒன்றாகக் குனிந்தன. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல். இனி ஒன்றேகால் வரைக்கும் நான் இந்த அறைக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டு டீச்சருக்குத் தேர்வு நாளில் வேறென்ன வேலை, திருத்தப் பேப்பர் இல்லை, நடத்தப் பாடம் இல்லை, ‘விண்ணரசியை ஏழாம் நம்பர் ஹாலுக்குப் போடுங்க, நிக்கிறதுக்கு அவங்களுக்குக் கால் வலிக்காது’ என்று ஹெச்.எம். சிரித்துக்கொண்டே சொல்வார். நின்றேன். நடந்தேன். போன் ஹெச்.எம். அறை பீரோவில், என் பெயர் எழுதிய பழுப்புக் கவருக்குள் கிடக்கிறது, போனுக்குள் அந்தக் குரல் கிடக்கிறது. காலையில் திண்டுக்கல்லிலிருந்து வரும் பஸ்ஸில்தான் வந்தது. தெரியாத எண், இலங்கை எண், ஒரு நிமிடம் பதினெட்டு விநாடிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். யாரோ ஆள் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் காதில் வைத்தேன். ‘வணக்கம் அக்கா, நான் நிலக்சனா.’ பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. என் வலது கை தானாக மடியிலிருந்து ஒரு சாண் எழும்பி அந்தரத்தில் நின்றது. நான் கம்பியைப் பிடிக்கத் தேடுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு தடவை கேட்டேன், மூன்றாவது தடவைக்குள் பள்ளிக்கூட நிறுத்தம் வந்துவிட்டது. ஆனாலும் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ‘உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்குமோ தெரியேல்ல அக்கா. ஆறு வருசத்துக்கு முந்திப் பொக்கராவில நடந்த ஃபுட்போல் கோப்பையில நான் சிறிலங்கா கோல்கீப்பர். கழுத்தில அடிபட்ட பிள்ளை எண்டால் தெரியும். அக்கா, எனக்கு அந்தப் பத்து நாளும் மறந்துபோச்சு. பிளேன் ஏறினது ஞாபகம் இருக்கு. பிறகு ஆஸ்பத்திரி சீலிங் ஞாபகம் இருக்கு. நடுவில ஒண்டும் இல்ல. நான் ஒரு பெனால்ட்டி பிடிச்சனான் எண்டு சொல்லினம். மற்றப் பிள்ளையள் சிங்களத்தில சொல்லுறது எனக்கு அரைவாசிதான் விளங்கும். வீடியோ ஒண்டும் இல்லையாம். கோட்டில ஒரு தமிழ் அக்கா கொடியோட நிண்டவ, அவவுக்குத்தான் கிட்ட நிண்டு பார்த்தது தெரியும் எண்டு இப்பதான் ஒரு ஆள் சொன்னது. எனக்குச் சொல்லுவீங்களோ? என்ன நடந்தது எண்டு தெரிஞ்சால் போதும். ஒண்டும் அவசரமில்ல.’ ஒண்டும் அவசரமில்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு, மூச்சுக்குப் பின்னால் ஏதோ சக்கரம் சிமெண்ட் தரையில் உரசுகிற சத்தம். கழுத்தில் பட்ட அடியில் அவளுக்குக் கால்கள் வேலை செய்யவில்லை என்று அந்த வருடமே கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்படுவது வேறு, சக்கரத்தின் சத்தம் வேறு. கோட்டில் நின்றவள் என்கிறாள். ஆமாம், நான்தான் நின்றேன். விளையாட்டில் எனக்கு அதுதான் பதவி, அசிஸ்டெண்ட் ரெஃப்ரி, எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி லைன்ஸ்மேன், பெண்ணானாலும் லைன்ஸ்மேன்தான். மஞ்சள் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு வெளிக்கோட்டோரம் மேலும் கீழும் ஓட வேண்டும், கடைசித் தடுப்பாளருக்கு நேராக. முன்னால் ஓடுகிறவள் தடுப்பாளரைத் தாண்டி நிற்கையில் பந்து அவளுக்குப் போடப்பட்டால் அது ஆஃப்சைடு, கையைத் தூக்க வேண்டும். பதினெட்டு வருடம் நான் கற்றது இதைத்தான். பார்க்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும்.

‘மிஸ்.’ மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். அடிஷனல் ஷீட். கொடுத்தேன். உடனே ஜன்னலோரம் இன்னொருத்தி கையைத் தூக்கினாள், நூல் வேண்டுமாம், இப்போதே எதற்கு நூல், கடைசியில்தானே கட்டுவாய், ‘இல்ல மிஸ், கையில வெச்சுக்கிட்டா ஒரு தைரியம்.’ கொடுத்தேன். பின் பெஞ்சில் இன்னொரு கை, தண்ணீர் குடிக்க. எவ்வளவு சுலபமாகத் தூக்குகிறார்கள். தோளிலிருந்து நேராக, முழங்கை மடங்காமல், யார் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நினைப்பும் இல்லாமல். அந்தச் சுலபம் என்னிடமும் இருந்தது. திண்டுக்கல்லில் பனியன் கம்பெனி அணி ஆடிய ஆண்கள் மாட்சில் முதல்தடவை கொடியைத் தூக்கியபோது எனக்குப் பத்தொன்பது வயசு, கூட்டத்திலிருந்து எவனோ ‘ஏ, சேலையைத் தொவைக்கப் போ’ என்று கத்தினான், நான் கையை இறக்கவில்லை. இறக்காமல் நின்றதைப் பார்த்துத்தான் மாவட்டச் சங்கத்தில் என்னை எடுத்தார்கள். அந்தக் கைதானே இது. நிலக்சனாவுக்கும் பொக்கராவில் பத்தொன்பது. இதை ஏன் இப்போது நினைக்கிறேன், வயதுக்கும் இதற்கும் என்ன. பதில்தான் யோசிக்க வேண்டும். மூன்று மணி நேரம் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து சொல்லலாம். நல்லதையெல்லாம் முதலில் சொல்லலாம். பாவம், பத்து நாளைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள், அந்தப் பத்து நாளும் என்னிடம் இருக்கிறது, அவளுடைய பங்கையும் சேர்த்து நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாளைச் சொல்வேன். நிலக்சனா, நீ முதல் நாள் பயிற்சிக்கு வந்தபோது மூடுபனி. எதிர் கோல் கம்பம் தெரியாது. ஆறு நாட்டுப் பிள்ளைகளும் அந்தப் பனிக்குள் பந்தை உதைத்துவிட்டு அது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று கிழக்குப் பக்கம் பனி கிழிந்தது. கோல் வலைக்குப் பின்னால், ஊருக்குப் பின்னால், மேகத்துக்கும் மேலே, வெள்ளையாக ஒரு மலை. மலை அங்கே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத உயரத்தில் இருந்தது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். நீ மட்டும் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘அடியாத்தை, பார்க்கவே குளிருது’ என்றாய். தமிழில். அப்போதுதான் திரும்பி உன்னைப் பார்த்தேன். ஒல்லியாக, கை மட்டும் நீளமாக, ஒரு பக்கம் தூக்கிக் கட்டின கொண்டை. இதைச் சொன்னால் சிரிப்பாள். அடுத்தது பெனால்ட்டி. மாலத்தீவோடு லீக் மாட்ச். ஆட்டத்துக்கு முன்னால் பூட்ஸைப் பரிசோதிக்கிற வேலை எனக்கு, வரிசையாக வந்து காலைத் தூக்கிக் காட்ட வேண்டும், அடியில் கூர் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். உன் முறை வந்தபோது என் சட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டினாய். ‘விண்ணரசி. அக்கா, நீங்கள் தமிழோ?’ ‘ஆமா, திண்டுக்கல்.’ ‘அது எங்க இருக்கு, மெட்ராசுக்குப் பக்கத்திலயோ?’ ‘இல்ல, மதுரைக்குப் பக்கம்.’ ‘நான் விசுவமடு. எனக்கு இந்த டீமில கதைக்கவே ஆள் இல்ல அக்கா. கோலுக்குள்ள நிண்டு நானே என்னோட கதைப்பன்.’ இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம் கூட இருக்காது. படிக்கட்டில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எழுபத்தோராவது நிமிடம் பெனால்ட்டி. கோல் கோடும் பெனால்ட்டிக் கட்டமும் சேருகிற மூலையில் நான் நிற்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கவும், உதைக்கிற நொடியில் கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கவும். நீ கையுறையை இரண்டு தடவை தட்டினாய். வாய் அசைந்துகொண்டே இருந்தது, உன்னோடு நீயே கதைத்திருப்பாய். மாலத்தீவுக்காரி உதைத்தாள். நீ வலது பக்கம் விழுந்தாய், பந்து நடுவில் வந்தது, தப்புப் பக்கம் விழுந்துவிட்டாய் என்று எனக்கே தோன்றியது, ஆனால் நீ விட்டுவந்த இடது கால் பின்னால் அந்தரத்தில் நின்றிருந்தது பார், அந்தக் காலின் குதிகாலில் பந்து பட்டுக் கம்பத்துக்கு மேலே போனது. நீ எழுந்து பந்தைத் தேடினாய். வலைக்குள் பார்த்தாய். இல்லை. அப்புறம் உன் ஆட்கள் எல்லாரும் ஓடிவந்து உன்மேல் விழுந்தார்கள், அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து உன் சத்தம் மட்டும் வந்தது, ‘எங்க போச்சு, எங்க போச்சு.’ இதைச் சொல்ல வேண்டும். இதை அவள் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். உன் இடது கால் நிலக்சனா. அய்யோ. காலையா சொல்வேன். இப்போது அந்தக் காலை யாரோ தூக்கி வைத்தால்தான் நகரும், அதைப் பற்றியா சொல்வேன். சொல்லத்தான் வேண்டும், வேறு எதைச் சொல்ல. பதினொன்றரை மணி அடித்தது. ஒரு பெண் இந்திய வரைபடத்தில் சிந்து ஆற்றுக்கு நீலக் கலர் அடிக்கிறாள், தெற்கே கடல் காலியாகக் கிடக்கிறது, கீழே ஒரு துளி போல இருக்க வேண்டிய தீவை அச்சடித்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

அதோடு நிறுத்திவிடலாம். மலை, பெனால்ட்டி, குவியல். அதற்கப்புறம் அடிபட்டது, வருத்தமாக இருக்கிறது, கடவுள் துணை இருப்பார், முடிந்தது. அவள் கேட்டதும் அதைத்தானே. இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும் என்றாள். என்ன நடந்தது. மாலத்தீவு மாட்ச் அன்று சாயங்காலம் ஹோட்டல் வரவேற்பறையில் அஸெஸ்ஸர் என்னைக் கூப்பிட்டார். நடுவர்களுக்கு மார்க் போடுகிறவர் அவர், அவர் போடுகிற மார்க்கில்தான் எங்களுடைய அடுத்த வருடம் இருக்கிறது. வெள்ளைத் தொப்பியை மேஜையில் கழற்றி வைத்திருந்தார். படிக்கட்டில் நின்றவர் அவர்தான். இங்கிலீஷில், மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார், ‘அந்தக் கோல்கீப்பர் கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டாள். நீ விட்டுவிட்டாய்.’ ‘இல்லை சார், இடது பூட்ஸின் நுனி கோட்டில் இருந்தது. சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.’ ‘உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாஷை இல்லையா?’ தொப்பியைக் கையில் எடுத்தார். ‘உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசி. அரை இறுதிக்கு உன்னைத்தான் போட்டிருக்கிறேன்.’ அறைக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் வந்தது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கோபம் இல்லை, பயம். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், கால் கோட்டில்தான் இருந்தது, ஆனாலும் பூட்ஸ் பார்க்கும்போது சிரித்தேனே, எதற்குச் சிரித்தேன், ஊர் பெயரை எதற்குச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

அரை இறுதி பூட்டானோடு. பிற்பகல், தூறல். ஆயிரம் பேர் உட்காருகிற இடத்தில் முந்நூறு பேர் குடையோடு இருந்தார்கள், கைதட்டினால் ஒவ்வொரு கையும் தனியாகக் கேட்கும். பூட்ஸ் பரிசோதனை. நிலக்சனா வந்தாள். ‘வணக்கம் அக்கா.’ நான் நிமிராமல், ‘ஷோ மீ த ஸ்டட்ஸ் ப்ளீஸ்’ என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். ‘யெஸ் மேடம்’ என்று காலைத் தூக்கிக் காட்டினாள். நான் சிரிக்கவில்லை. ‘நெக்ஸ்ட்’ என்றேன். ஒரு அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கழுத்து திரும்பியதை நான் கடைசியாக அப்போதுதான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் அவள் கோல் என் பக்கம். ஒன்றுக்கு ஒன்று. அறுபத்தி மூன்றாவது நிமிடம் நடுக்களத்திலிருந்து ஒரு பந்து, தடுப்பாளர்களின் தலைக்கு மேல், நனைந்த புல்லில் விழுந்து வேகமாக ஓடியது. பூட்டானின் முன்கள ஆட்டக்காரி பெமா அதைத் துரத்தினாள். பந்து போடப்பட்ட நொடியில் பெமா தடுப்பாளர்களைத் தாண்டி ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்தாள். ஒன்றரை மீட்டர். சந்தேகப்பட ஒன்றுமில்லாத ஆஃப்சைடு, கிராமத்துத் திடலில் பீடி குடித்துக்கொண்டு பார்க்கிறவனுக்குக் கூடத் தெரியும். எங்களுக்கு ஒரு பாடம் உண்டு, பொறு, பார், அப்புறம் தூக்கு என்று. முன்னால் இருப்பவள் பந்தைத் தொடாமலே விட்டுவிடலாம், பின்னாலிருந்து வேறொருத்தி ஓடிவந்து எடுக்கலாம், அதனால் பொறு. அதே பாடத்தில் அடுத்த வரியும் உண்டு. வேறு யாரும் பந்துக்கு வரவில்லை, இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள் என்று தோன்றினால் பொறுக்காதே, உடனே தூக்கு. வேறு யாரும் வரவில்லை. நிலக்சனா கோலைவிட்டு ஓடிவருகிறாள், பெமா ஓடுகிறாள், நடுவில் பந்து, நனைந்த புல். எல்லாம் தெரிகிறது எனக்கு. கை எழும்ப ஆரம்பித்துவிட்டது. கொடி இடுப்பைத் தாண்டிவிட்டது.

‘அக்கா! கொடி!’ அவள்தான் கத்தினாள். ஓடிக்கொண்டே, பந்தைப் பார்த்துக்கொண்டே. தமிழில். முந்நூறு பேர் இருக்கும் மைதானத்தில், தூறலில், எல்லாருக்கும் கேட்கும்படி. என் கை நின்றுவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அமலனிடம் சொன்னதில்லை, கட்டிய புருஷன், ‘ஏன் தூக்கத்துல கையைத் தூக்குற’ என்று கேட்டபோதுகூடத் தோள்வலி என்றேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டுச் சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். பொறுத்துப் பார்த்தேன் என்று சொல்லலாம், விதி அப்படி என்று சொல்லலாம், நான் விதிக்காகப் பொறுக்கவில்லை. கை எழும்பிக்கொண்டுதான் இருந்தது. அவள் தமிழில் கூப்பிட்டாள், அதனால் நிறுத்தினேன். இப்போது தூக்கினால் அவள் கூப்பிட்டதற்காகத் தூக்கினதாக ஆகிவிடுமே, படிக்கட்டில் நிற்கிறவர் எழுதிக்கொள்வாரே. அந்த ஒரு நினைப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும். ஒரு நொடி கூட ஆகாது. அதற்குள் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவள் பந்தின்மேல் விழுந்தாள், பெமா தாண்டப் பார்த்தாள், புல் வழுக்கியது, பெமாவின் முட்டி அவள் கழுத்தில். சத்தம் வந்தது. பச்சை விறகை முட்டியில் வைத்து ஒடிக்கிற மாதிரி. ஒடிந்தும் ஒடியாத மாதிரி. பந்து உருண்டு வெளியே போனது. பெமா எழுந்தாள். அவள் எழவில்லை.

கால் நின்றுவிட்டது எனக்கு. இரண்டாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்று தெரியவில்லை, அந்தப் பெண் விடைத்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். ‘மிஸ், நான் ஒண்ணும் பாத்து எழுதலை மிஸ்.’ ‘இல்லம்மா, நீ எழுது.’ நகர்ந்தேன். ஜன்னல் கம்பி வெயிலில் சுட்டது, பிடித்துக்கொண்டேன். மோசமானது அதுகூட இல்லை. அதற்கப்புறம் நடந்ததுதான். நடு ரெஃப்ரி மியான்மர்க்காரி, விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தாள், ஸ்ட்ரெச்சருக்குக் கை காட்டினாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கேட்டாள், ஆஃப்சைடா? அப்போதாவது தூக்கியிருக்கலாம். தூக்கினால் எல்லாரும் கேட்பார்கள், தெரிந்தும் ஏன் முன்னால் தூக்கவில்லை என்று. தலையை ஆட்டினேன். இல்லை என்று. பூட்டான் காப்டன் தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினாள், பெமா புல்லில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள், நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், இல்லை, இல்லை. ரிப்போர்ட்டில் எழுதினார்கள்: நேர்மையான போட்டியில் தற்செயலான மோதல். நான் கையெழுத்துப் போட்டேன். இலங்கை அணியின் கோச் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், எங்கள் கோல்கீப்பர் அவசரப்பட்டுவிட்டாள், வராமல் கோலிலேயே நின்றிருக்க வேண்டும், சின்னப் பெண், அனுபவம் போதாது. அஸெஸ்ஸர் எனக்கு எட்டுப் புள்ளி நான்கு போட்டார். அந்தப் போட்டியில் அசிஸ்டெண்டுகளுக்குக் கிடைத்ததில் அதுதான் அதிகம். ‘பதறாமல் பொறுத்தாய்’ என்று கைகொடுத்தார். அந்தக் கையைக் குலுக்கினேன். இரண்டு வருடம் கழித்து முட்டி வலி என்று எழுதிக்கொடுத்து பாட்ஜை ஒப்படைத்தேன், முட்டிக்கு ஒன்றும் இல்லை. தெருவில் காய்கறிக்காரர் வேறு யாரையோ ‘அக்கா’ என்றாலும் கை துடிக்கும். ஒரு நாள் சந்தையில் கூடையோடு நின்றுவிட்டேன், கையைத் தூக்கியபடி, ஆட்டோக்காரர் எனக்காக வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

சொல்லாமல் விட்டால் என்ன. அவளுக்கு ஞாபகம் இல்லை. கத்தியதே அவளுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு அது புரியாத ஒரு சத்தம், உலகத்தில் அதைப் புரிந்து வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான், நான் செத்தால் அதுவும் போய்விடும். பெனால்ட்டியைச் சொல்லி, மலையைச் சொல்லி, சந்தோஷமாக அனுப்பிவிடலாம். ஆறு வருடம் கழித்து ஒரு பிள்ளையிடம் போய், நான் தூக்கியிருந்தால் நீ நடந்திருப்பாய் என்று சொல்வது எந்த ஊர் நியாயம், என் பாரத்தை இறக்க அவள் தலையா கிடைத்தது. இப்படித்தான் பன்னிரண்டரை வரைக்கும் யோசித்தேன். இது சரி என்று கூடத் தோன்றியது. அப்புறம் மெசேஜில் ஒரு இடம் திரும்பத் திரும்ப வந்து முட்டியது, பஸ்ஸில் கேட்டபோது தாண்டிப் போய்விட்ட இடம். பெனால்ட்டி பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவள் ஒன்று சொன்னாள். ‘நான் கெட்டிக்காரியா, மடைச்சியா எண்டுகூட எனக்குத் தெரியேல்ல அக்கா.’ சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் அப்படிச் சொன்னாள். கோச் சொன்னது அவளுக்குத் தெரியும். ஊரே சொல்லியிருக்கும், பார்க்க வருகிறவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள், நீ ஏன் பிள்ளை ஓடிப்போனாய், அங்கேயே நிண்டிருக்கலாமே. ஆறு வருடமாக அந்தக் கட்டிலில் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடக்கிறாள். கத்தியது ஞாபகம் இருந்தால் தன்மேல் தப்பில்லை என்று தெரிந்திருக்கும். அது அவள் மண்டையில் இல்லை, என் மண்டையில் இருக்கிறது. நான் வைத்திருப்பது என் பாவம் என்று நினைத்திருந்தேன், அவளுடைய சாட்சியையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்றேகால் மணி. தாள்களை வாங்கினேன், எண்ணினேன், இருபத்து மூன்றுதான் வந்தது, மறுபடி எண்ணினேன், இருபத்து நான்கு. ஹெச்.எம். அறையில் கையெழுத்து. ‘என்ன விண்ணரசி, மொகம் இப்படிக் கெடக்கு, சாப்பிடலையா?’ ‘சாப்பிடணும் மேடம்.’ கவரைக் கிழித்துப் போனை எடுத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். காற்று போன வாலிபால்களின் ரப்பர் வாசம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் அழித்துவிடுவேன், அதனால் நேராகக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

‘அக்கா! இவ்வளவு கெதியாக் கூப்பிடுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல.’

மலையைச் சொன்னேன். சிரித்தாள். பெனால்ட்டியைச் சொன்னேன், இடது கால் என்று வந்ததும் பேச்சை மாற்றப் பார்த்தேன், அவள்தான், ‘சொல்லுங்கோ அக்கா, காலெண்டு சொன்னால் எனக்கு ஒண்டும் செய்யாது’ என்றாள். எங்கே போச்சு, எங்கே போச்சு என்று குவியலுக்கு அடியிலிருந்து கத்தியதைச் சொன்னதும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அது இருமலானது, யாரோ தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். தண்ணீர் குடித்து முடித்தாள்.

‘நிலக்சனா, அரை இறுதி.’

‘ஓம்.’

‘அந்தப் பந்து ஆஃப்சைடு. ஒன்றரை மீட்டர். நான் பாத்தேன். கொடியைத் தூக்கலை.’

அந்தப் பக்கம் யாரோ குவளையைக் கீழே வைத்தார்கள்.

‘நீயும் பாத்துட்ட. ஓடிவரும்போதே என்னைக் கூப்பிட்டுக் கத்துன.’

‘நான் கத்தினனானோ?’

‘அக்கா, கொடின்னு கத்துன. தமிழ்ல. நீ கூப்பிட்டதாலதான் நான் கையை நிறுத்துனேன். ஒனக்குச் சாதகமா செய்யிறேன்னு சொல்லிருவாங்களோன்னு. அப்புறம் ரெஃப்ரி கேட்டப்பவும் இல்லன்னு பொய் சொன்னேன். நீ கூப்பிடாம இருந்திருந்தா தூக்கியிருப்பேன்.’

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன். அதை விட்டிருக்கலாம். உண்மைதான், ஆனாலும் விட்டிருக்கலாம். சக்கரம் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. வெளியே பிள்ளைகள் வினாத்தாளைச் சத்தமாகச் சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள். அழுகிறாளா என்று காதை அழுத்தினேன், அழவில்லை, மூச்சு மட்டும்.

‘ஒன்றரை மீட்டரோ அக்கா?’

‘ஆமா.’

‘அப்ப நான் பிழையாய் ஓடிவரேல்ல.’

‘இல்ல. சரியாத்தான் வந்த. பந்தை நீதான் பிடிச்ச. மொதல்ல தொட்டது நீதான்.’

‘நீங்கள் செய்தது பெரிய பிழை அக்கா.’

‘ஆமா.’

‘எனக்கு இப்ப உங்களில கோபம் வருதோ தெரியேல்ல. பிறகு வரும்போல கிடக்கு.’

‘வரட்டும். திட்டணும்னு தோணுனா இந்த நம்பர்லயே கூப்பிடு. எந்நேரம்னாலும் எடுப்பேன். எழுதிக் கையெழுத்துப் போட்டும் அனுப்புறேன், ஒங்க சங்கத்துக்கும் எங்க சங்கத்துக்கும்.’

அவள் போனிலிருந்து வாயைத் திருப்பி யாரையோ கூப்பிட்டாள். ‘அம்மா. அம்மா, அடுப்பை விட்டுட்டு இஞ்ச வாங்கோ.’ தூரத்தில் ஒரு பெண்குரல் என்ன பிள்ளை என்றது. செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. ‘ஒவ்வொரு நாளும் கேப்பியள் எல்லே, ஏன் ஓடிப்போனனி, ஏன் ஓடிப்போனனி எண்டு. இந்த அக்கா அங்க நிண்டவ. இவவிட்டைக் கேளுங்கோ.’ போன் கை மாறியது, காற்று உரசியது, வயதான ஒரு மூச்சு என் காதுக்குள் வந்து நின்றது.

‘சொல்லுங்கோ பிள்ளை’ என்றார் அந்த அம்மா. ‘என்ர மகளுக்கு என்ன நடந்தது?’

மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.